அத்தியாயம் 9: முதல் கடிதத்திலேயே தொடங்க வேண்டிய தற்காப்பு

அமெரிக்கப் பயிற்சி மருத்துவமனைகளில் ஒரு ரெசிடென்ட் ஒரே நாளில் வேலையை இழப்பது அபூர்வம். முதலில் புரோகிராம் டைரக்டர் அறைக்கு அழைத்துப் பேசுவார். சில வாரம் கழித்து ஒரு கடிதம் வரும். குறைபாட்டுக் கடிதம், ரிமீடியேஷன் திட்டம் என்று மருத்துவமனைக்கு ஒரு பெயர் அதற்கு இருக்கும். நிலைமை சரியாகவில்லை என்றால் புரொபேஷன். அதற்குப் பிறகுதான் அடுத்த ஆண்டுக்கு உயர்த்த மறுப்பது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது, பணிநீக்கம் எல்லாம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் வக்கீலைத் தேடுகிறார்கள். அதற்குள் கோப்பு தடித்துவிடுகிறது, அதில் அவர்கள் எழுதிய ஒரு பக்கம்கூட இருப்பதில்லை.

எந்தப் படியில் மேல்முறையீடு உண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ரெசிடென்சி திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ அமைப்பின் விதிப்படி, தற்காலிகப் பணிநீக்கம், ஒப்பந்தம் புதுப்பிக்காமை, அடுத்த ஆண்டுக்கு உயர்த்தாமை, பணிநீக்கம் ஆகிய நான்குக்கும் முறையான விசாரணை வழி ஒன்றை மருத்துவமனை வைத்திருக்க வேண்டும். ரிமீடியேஷன் இந்த நான்கில் இல்லை. புரொபேஷனும் பல இடங்களில் மேல்முறையீட்டுக்கு வராது. ஆனால் பணிநீக்கக் கடிதம் எழுதப்படும்போது அதற்கு ஆதாரமாக அடுக்கப்படுபவை இந்த முந்தைய தாள்கள்தான். ஜனவரியில் எச்சரித்தோம், மார்ச்சில் திட்டம் கொடுத்தோம், மே வரை மாற்றம் இல்லை என்று வரிசை போகும். ஜனவரித் தாளுக்கு அன்றே பதில் எழுதாதவர், ஜூனில் வந்து அது தவறு என்று சொன்னால் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். ஆகவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி முதல் கடிதத்தைப் பற்றியது.

நம் ஊர் மருத்துவக் கல்லூரியில் பழகியவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். இங்கே சீஃப் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னிலையிலும் திட்டுவார். ‘சாரி சார்’ என்று தலையைக் குனிந்துகொண்டால் சாயங்காலத்துக்குள் விஷயம் முடிந்துவிடும். மறுநாள் அவரே கேஸ் எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார். அமெரிக்காவில் குரல் உயராது. உங்களுக்கு உதவத்தான் இருக்கிறோம் என்று சிரித்த முகத்தோடு பேசி அனுப்புவார்கள். அன்று மாலையே அந்தச் சந்திப்பைப் பற்றிய குறிப்பு கோப்பில் ஏறிவிடும். நீங்கள் சொன்ன ‘சாரி’, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகலாம். பேசாமல் நின்றிருந்தால், தன் குறையை உணரும் திறன் இல்லை என்று பதிவாகலாம். எழுதுகிறவர் கெட்ட எண்ணத்தோடு எழுதுகிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் பழகிய முறை அது. நீங்களும் எழுத்தில் பேசிப் பழக வேண்டும்.

நீதிமன்றம் எவ்வளவு தூரம் வரும்

‘கேஸ் போட்டால் ஜெயிக்கலாமா’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பதிலை இரண்டு பழைய தீர்ப்புகளிலிருந்து தொடங்க வேண்டும்.

மிசௌரி பல்கலைக்கழக மருத்துவ மாணவி ஹொரோவிட்ஸ், மருத்துவப் பணித்திறன் போதாது என்று இறுதியாண்டில் நீக்கப்பட்டார். பல்கலைக்கழகம் அவரை ஏழு மருத்துவர்களிடம் அனுப்பி மதிப்பிடச் சொல்லியிருந்தது. அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இருவர் பட்டம் தரலாம் என்றார்கள், இருவர் உடனே நீக்கச் சொன்னார்கள், மூவர் இன்னும் கொஞ்ச காலம் கவனித்துப் பார்க்கலாம் என்றார்கள். இருந்தும் 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. கல்வித் தகுதி பற்றிய முடிவுக்கு முறையான விசாரணை தேவையில்லை. குறையை முன்கூட்டியே தெரிவித்து, யோசித்து முடிவெடுத்திருந்தால் போதும் என்றது. 1985-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் யூயிங் வழக்கு வந்தது. தேசியத் தேர்வில் தோற்றவருக்கு மறுவாய்ப்பு தராமல் நீக்கியிருந்தார்கள், மற்ற மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருந்தும். கல்வித்துறையில் ஏற்கப்பட்ட நெறியிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தாலொழிய ஆசிரியர்களின் முடிவில் தலையிட மாட்டோம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் மாணவர்கள்தான் என்றாலும், ரெசிடென்ட்களின் வழக்குகளிலும் இந்த இரண்டையே மருத்துவமனை வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிறார்கள், நீதிபதிகளும் ஏற்கிறார்கள்.

ஒழுங்கீனம் என்ற குற்றச்சாட்டு வேறு வகை. பொய்க் கையெழுத்து, தகாத நடத்தை, தேர்வில் முறைகேடு போன்ற நிகழ்ச்சிகளில் ‘நடந்ததா, இல்லையா’ என்பதே கேள்வி. அதனால் குற்றச்சாட்டைத் தெரிந்துகொள்ளவும் பதில் சொல்லவும் கூடுதல் உரிமை உண்டு. சிக்கல் என்னவென்றால், ஏசிஜிஎம்இ வகுத்த ஆறு அடிப்படைத் திறன்களில் தொழில்சார் நடத்தையும் ஒன்று. தாமதமாக வருவது, நோட்ஸ் முடிக்காமல் விடுவது, நர்ஸிடம் கடுமையாகப் பேசுவது எல்லாவற்றையும் அந்தத் தலைப்பில் போட்டு, கல்விக் குறைபாடு என்று மருத்துவமனை சொல்லிவிட முடியும். கடிதம் உங்கள் மேல் சொல்வது திறமைக் குறைவா, ஒரு குறிப்பிட்ட சம்பவமா என்று முதல் வாசிப்பிலேயே பிரித்துப் பாருங்கள். சம்பவம் என்றால், அதை ஒழுங்கு நடவடிக்கையாகவே கருதி விசாரிக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கேட்பது பின்னால் உதவும்.

இன்னொன்றும் உண்டு. அரசியல் சட்டம் தரும் பாதுகாப்பு அரசு மருத்துவமனைகளிலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும்தான். தனியார் மருத்துவமனையில் உங்கள் ஒப்பந்தமும் ரெசிடென்ட் கையேடுமே சட்டம். அந்தக் கையேட்டில் இருக்கும் ஒவ்வொரு ‘வேண்டும்’ என்ற சொல்லும் உங்களுக்கு ஆயுதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீடு தர வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுத் தராமல் விட்டிருந்தால், திறமையைப் பற்றி வாதிடுவதைவிட அந்தத் தவறைக் காட்டுவது பலமான வாதம்.

முதல் வாரம்

கடிதத்தைக் கையில் கொடுத்ததும் கையெழுத்து கேட்பார்கள். மறுக்க வேண்டாம். ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்றதாகப் பொருள் அல்ல’ என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் இல்லாமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

அன்று இரவே மூன்று ஆவணங்களைத் தேடி எடுங்கள்: இந்த ஆண்டின் ஒப்பந்தம், ரெசிடென்ட் கையேடு, மருத்துவமனையின் குறைதீர்ப்பு விதிகள். பதிலுக்கும் மேல்முறையீட்டுக்கும் எத்தனை நாள் கெடு என்று பாருங்கள். வாரக்கணக்கில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், சில இடங்களில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். நாளை எண்ணுவது காலண்டர் நாளா, வேலை நாளா என்பதையும் விதியிலேயே படித்துவிடுங்கள். கெடு தவறினால் எவ்வளவு நியாயமான வழக்கும் அங்கேயே நின்றுவிடும்.

பிறகு உங்கள் மதிப்பீட்டுக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ரெசிடென்ட் தன் மதிப்பீடுகளைப் பார்க்கலாம் என்பது ஏசிஜிஎம்இ விதி. ஒவ்வொரு ரொட்டேஷனுக்கும் அட்டெண்டிங் எழுதியதைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஆறு மாதமாக ‘எதிர்பார்த்த அளவில் இருக்கிறார்’ என்று எழுதிவந்தவர்கள், ஒரு புகாருக்குப் பின் திடீரென்று எல்லாத் திறனிலும் குறை சொல்லியிருந்தால், அந்தத் தேதிகளே உங்களுக்காகப் பேசும். ரெசிடென்ட்களை மதிப்பிடும் கிளினிக்கல் காம்பிடன்ஸி கமிட்டி ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூடுகிறது. அதன் மைல்ஸ்டோன் மதிப்பெண்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது நோயாளி ஆவணங்கள். தன் தரப்பை நிரூபிக்கும் ஆர்வத்தில், இப்போது தன் கவனிப்பில் இல்லாத நோயாளியின் சார்ட்டைத் திறந்து பார்ப்பது, திரையைப் போனில் படம் எடுப்பது, சொந்த ஈமெயிலுக்கு அனுப்புவது என்று பலர் மாட்டிக்கொள்கிறார்கள். யார், எந்த நிமிடம், எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பது கணினியில் பதிவாகிறது. பலவீனமாக இருந்த பழைய குற்றச்சாட்டுக்குப் பதில், மறுக்கவே முடியாத தனியுரிமை மீறல் என்ற புதிய குற்றச்சாட்டு வந்து சேரும். சார்ட்டில் உங்களுக்குச் சாதகமானது இருந்தால், எந்தத் தேதி, எந்தப் பிரிவு, எந்தப் பதிவு என்று குறிப்பிட்டு, கமிட்டியே எடுத்துப் பார்க்கட்டும் என்று எழுதுங்கள்.

உரையாடலைப் போனில் பதிவு செய்வதும் அப்படித்தான். நியூயார்க், டெக்சாஸ், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் பேசுகிறவர்களில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். கலிபோர்னியா, புளோரிடா, பென்சில்வேனியா, வாஷிங்டன் மாநிலங்களில் எல்லோரும் சம்மதிக்காமல் ரகசிய உரையாடலைப் பதிவு செய்வது குற்றம். சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் மருத்துவமனை விதி தடுக்கலாம். பதிவுக்குப் பதிலாக, சந்திப்பு முடிந்த அன்றே ஒரு மெயில் அனுப்புங்கள்: ‘இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இவை. தவறிருந்தால் தெரிவிக்கவும்.’ எதிர்த்தரப்பு மறுக்காத அந்த மெயில், ஒலிப்பதிவைவிட நன்றாகவே பயன்படும்.

மனிதவளத் துறையும் மருத்துவமனையின் வக்கீலும் உங்களிடம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அவர்கள் மருத்துவமனைக்காக வேலை செய்கிறவர்கள். மருத்துவமனை எடுத்துத் தந்திருக்கும் மால்பிராக்டீஸ் காப்பீடு இப்படிப்பட்ட விசாரணைக்குப் பொதுவாக வக்கீல் தராது. அந்த மாநிலத்தில் கல்வி அல்லது வேலைவாய்ப்புச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனையாவது இந்தக் கட்டத்திலேயே பெறுங்கள். பணிநீக்கத்துக்குப் பின் செலவழிக்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிது.

பதில் கடிதம்

ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு பக்கம். கற்பனையான ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இரவுப் பணியில் பொட்டாசியம் அதிகம் என்ற ரிப்போர்ட்டைக் கவனிக்கத் தாமதித்தார், சீனியரை அழைக்கவில்லை என்று ஒரு இன்டர்ன் மேல் குற்றச்சாட்டு.

பயந்துபோனவர் எழுதும் பதில் இப்படி இருக்கும்: மிகவும் வருந்துகிறேன், குடும்பப் பிரச்சினை இருந்தது, இனி கடுமையாக உழைப்பேன். கோபக்காரர் எழுதுவது: அந்த நர்ஸுக்கு என்னைப் பிடிக்காது, என் ஊரில் ஒரே இரவில் நூறு நோயாளிகளைப் பார்த்தவன் நான். முதல் பதில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது, தொழில்சார் நடத்தையில் இன்னொரு குறையைத் தானே எழுதிக் கொடுக்கிறது.

நல்ல பதில் நிமிடக் கணக்கில் நடக்கும். 2:10-க்கு லேபிலிருந்து போன் வந்தது. 2:18-க்கு ஈசிஜி எழுதினேன். 2:30-க்குக் கால்சியம் குளுக்கோனேட் கொடுக்கப்பட்டது, மருந்துப் பதிவில் இருக்கிறது. சீனியரை 2:40-க்கு அழைத்தேன், அழைக்கவே இல்லை என்ற வாசகம் சரியல்ல. ஆனால் ரிப்போர்ட் வந்ததுமே அழைத்திருக்க வேண்டும், அதை ஏற்கிறேன். அன்று முதல் அபாய அளவு ரிப்போர்ட் எது வந்தாலும் சிகிச்சையைத் தொடங்கும்போதே சீனியரை அழைத்துவிடுகிறேன், இதற்குப் பின் என்னோடு இரவுப் பணி பார்த்த சீனியர்களிடம் கேட்டு உறுதிசெய்யலாம்.

சரியல்லாததைத் திருத்துவது, உண்மையான குறையை ஒரே வரியில் ஏற்பது, அதற்குப் பின் மாறிய பழக்கத்தைக் காட்டுவது, சாட்சிக்கு வழி சொல்வது என்று நான்கும் அதில் இருக்கின்றன. உண்மையான குறையை ஏற்க மறுக்கும் பதிலை மருத்துவர்கள் நிறைந்த எந்தக் கமிட்டியும் மதிக்காது. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அவர்கள் அப்படி இருப்பது நியாயமும்கூட.

ரிமீடியேஷன் திட்டத்தைப் படிக்கும்போது, எதை வைத்து வெற்றி என்று முடிவு செய்வார்கள் என்று தேடுங்கள். ‘முன்னேற்றம் காட்ட வேண்டும்’ என்று மட்டும் இருந்தால், யார் மதிப்பிடுவார், எந்தத் தேதியில், எந்த அளவுகோலில் என்று எழுதிக் கேளுங்கள். வாரம் ஒருமுறை சந்திப்பதாக வழிகாட்டி மருத்துவர் சொல்லியிருந்தால், அவர் வராத வாரத்தில் நீங்களே மெயில் அனுப்பி நேரம் கேளுங்கள். திட்டம் தோற்றதாகச் சொல்லும் நாளில், அதை நடத்தியது யார், நடத்தாதது யார் என்பது அந்த மெயில்களில் இருக்கும்.

கமிட்டி முன்

மேல்முறையீட்டுக் குழுவில் பொதுவாக வேறு துறை ஆசிரியர்கள் இருப்பார்கள், சில இடங்களில் ஒரு ரெசிடென்டும் இருப்பார். வக்கீல் உடன் வரலாம், பேசக் கூடாது என்பது பல மருத்துவமனைகளின் விதி. ஆகவே பேச வேண்டியது நீங்கள்தான். பத்து நிமிடத்துக்குள் முடியும்படி எழுதி, சத்தமாகப் படித்துப் பழகுங்கள். நம்மில் பலருக்குப் பதற்றத்தில் ஆங்கிலம் வேகமாக ஓடும், அதை நிறுத்தி நிதானமாகப் பேச ஒரு நண்பர் முன் ஒத்திகை பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். உங்களோடு இரவுப் பணி பார்த்த நர்ஸ், சீனியர் ரெசிடென்ட், மதிப்பீட்டில் நல்லது எழுதிய அட்டெண்டிங் ஆகியோரின் கடிதங்கள், ஊரில் இருக்கும் பழைய சீஃப் கொடுக்கும் சான்றிதழைவிட எடை கூடியவை.

ரெசிடென்ட்கள் மாணவர்கள் மட்டுமல்ல, ஊழியர்களும்கூட என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1999-இல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் வழக்கில் முடிவு செய்தது. உங்கள் மருத்துவமனையில் சங்கம் இருந்தால், தண்டனைக்குக் கொண்டுபோகக் கூடிய விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளலாம். 1975-இல் வந்த வைன்கார்ட்டன் தீர்ப்பு தரும் உரிமை இது. வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும், அவர்களாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏசிஜிஎம்இ-யிடம் புகார் செய்தால் நடவடிக்கை நின்றுவிடும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். வாரம் 80 மணி நேர வரம்பை மீறுகிறார்கள் என்பது போன்ற விதிமீறல்களை அது விசாரிக்கும். தனி ஒரு ரெசிடென்டின் நீக்கத்தை ரத்து செய்யாது.

பாகுபாடும் நோயும்

உச்சரிப்பை, பிறந்த நாட்டை, மதத்தை, கர்ப்பத்தைக் காரணமாக வைத்து நடத்தப்படுவதாகத் தோன்றினால் அதைத் தயங்காமல் எழுத்தில் புகாராகக் கொடுங்கள். ஆனால் உணர்வாக எழுதாதீர்கள். அதே தவறைச் செய்த இன்னொரு ரெசிடென்டுக்கு என்ன நடந்தது என்ற ஒப்பீடுதான் வழக்கின் முதுகெலும்பு. கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் செய்ய 180 நாள், மாநிலத்திலும் அத்தகைய அமைப்பு இருந்தால் 300 நாள். இந்த நாட்கள் முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து ஓடுகின்றன. உள் மேல்முறையீடு நடந்துகொண்டிருப்பது கடிகாரத்தை நிறுத்தாது என்று 1980-இல் டெலவேர் மாநிலக் கல்லூரிக்கும் ரிக்ஸ் என்ற லைபீரிய ஆசிரியருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு முடியட்டும் என்று காத்திருந்து உரிமையை இழப்பது, மருத்துவர்களிடம் நான் மிகவும் வருந்திக் காணும் தவறு.

மனச்சோர்வோ வேறு நோயோ வேலையைப் பாதித்தால், அதை நீக்கக் கடிதத்துக்குப் பதிலாகச் சொல்வதில் பலன் குறைவு. முன்கூட்டியே விடுப்போ, பணி நேர மாற்றமோ எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். கூட்டாட்சிக் குடும்ப விடுப்புச் சட்டத்துக்கு 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதால் முதலாண்டுக்காரர்களுக்கு அது கைகொடுக்காது. ஆனால் 2022 ஜூலை முதல், சேர்ந்த நாளிலிருந்தே பயன்படுத்தக்கூடிய ஆறு வார ஊதிய விடுப்பைப் பயிற்சிக் காலத்தில் ஒருமுறையாவது தர வேண்டும் என்று ஏசிஜிஎம்இ விதித்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

விசா

நம்மவர்களுக்கு வேலையோடு நாடும் போகிறது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அனுமதிக் காலம் அதற்கு முன்பே முடிந்தால் அந்த நாள்வரைதான். மருத்துவமனை நீக்கினால் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை அதுவே தர வேண்டும், நீங்களாக ராஜினாமா செய்தால் அந்தக் கடமை இல்லை. ஜே-1 விசாவில் ஈசிஎஃப்எம்ஜி அமைப்பின் ஆதரவு பயிற்சியோடு கட்டுண்டது. பயிற்சியை முழுமையாக முடித்தவருக்குக் கிடைக்கும் 30 நாள் அவகாசம், நடுவில் நீக்கப்பட்டவருக்குக் கிடையாது. புரொபேஷன் கடிதம் வந்த வாரத்திலேயே குடியேற்ற வக்கீலையும் பாருங்கள். நீக்கம் நடக்குமானால் எந்தத் தேதியிலிருந்து என்பது, நீக்கத்தைப் போலவே பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

பிரிந்து போவதென்றால்

‘நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் நீக்கம் என்று பதிவாகாது’ என்பார்கள். சில நேரம் அது நல்ல வழியே. ஆனால் அறைக்குள் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட வேண்டாம். ராஜினாமா செய்ததும் மேல்முறையீட்டு உரிமை பெரும்பாலும் போய்விடும். மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு மூலம் உரிமம் கேட்கும்போது, உங்கள் பழைய திட்டத்துக்கு ஒரு படிவம் போகும். பயிற்சியில் இடைவெளி உண்டா, புரொபேஷனில் வைக்கப்பட்டாரா, விசாரணையில் இருந்தாரா, கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டனவா என்று அது கேட்கும். விசாரணை நடுவில் ராஜினாமா செய்தவருக்கு அங்கே ‘இல்லை’ என்று பதில் வராது.

ஆகவே பேரத்தில் கேட்க வேண்டியது அந்தப் படிவத்தில் என்ன எழுதுவார்கள் என்ற வாசகத்தை. பொய் எழுதச் சொல்ல முடியாது, புரோகிராம் டைரக்டர் வாரியத்திடம் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர். எந்தச் சொற்களில், எவ்வளவு சுருக்கமாக என்பதை ஒப்புக்கொண்டு இணைப்பாகச் சேர்க்கலாம். முடித்த மாதங்களுக்குப் பயிற்சிக் கணக்கு எழுதித் தருவது, பரிந்துரைக் கடிதம் யார் தருவார் என்பது, ராஜினாமா நாளை விசாவுக்கு ஏற்பத் தள்ளிவைப்பது ஆகியவற்றையும் அதே ஒப்பந்தத்தில் கேளுங்கள். நீங்களும் எந்த விண்ணப்பத்திலும் புரொபேஷனை மறைக்காதீர்கள். பழைய குறையை மன்னிக்கும் வாரியங்கள் உண்டு. மறைத்ததைக் கண்டுபிடித்தால் அதற்காகவே உரிமத்தை மறுப்பார்கள்.

புதிய இடம் தேடும்போது பணக் கணக்கு ஒன்றும் குறுக்கே வரும். ஒருவர் முதலில் சேர்ந்த துறைக்கு உரிய ஆண்டுகளுக்குத்தான் மெடிகேர் நேரடிப் பயிற்சி நிதியை முழுமையாகக் கணக்கிடுகிறது, இன்டர்னல் மெடிசினுக்கு அது மூன்று ஆண்டு. அதைத் தாண்டினால் அந்த ரெசிடென்ட் பாதியாகவே எண்ணப்படுவார். ஆகவே உங்களுக்கு இன்னும் எத்தனை ஆண்டு முழு நிதி மிச்சமிருக்கிறது என்று பழைய மருத்துவமனையின் பயிற்சி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி, விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.